தோள் தெரியக் கூடாது

மார்கழியில் ஒரு வெள்ளிக்கிழமை உன் பையன் வந்து ஒரு துணிப்பையை என் கையில் கொடுத்தான். "ஆத்தைக் காலி பண்றோம் மாமி. இந்தப் பையை மட்டும் உங்ககிட்டதான் குடுக்கணும்னு அம்மா சொல்லியிருந்தா" என்றான். காபி குடிக்கச் சொன்னேன். கீழே வண்டி நிற்கிறது என்று செருப்பைக்கூடக் கழற்றாமல் போய்விட்டான். கோபமில்லை, அவனுக்கு ஆயிரம் வேலை.

பையைப் பிரித்தபோது அரக்கு வாசனை வந்தது. சீல் வைக்கிற அரக்கு. ஒரு பாதிக் குச்சி, ஒரு நைலான் கயிறு, துருப்பிடித்த ஊக்குகள் பத்து, எல்லாவற்றுக்கும் அடியில் உன்னுடைய அந்த நீலப் போர்வை. அதன் ஓரத்தில் நான் அரக்கைச் சொட்டவிட்ட தழும்பு அப்படியே இருந்தது. அதற்காக நீ என்னை எத்தனை வருஷம் திட்டினாய்! சர்ஃபில் ஊறவைத்துத் துவைத்து பால்கனியில் காயப்போட்டேன். அப்படியும் வாசனை போகவில்லை.

அழுகை வரவில்லை. நீ போன அன்றைக்கும் வரவில்லை. உன்னைப் படுக்கவைத்திருந்த கூடத்தில் நின்றுகொண்டு, டியூப்லைட் மினுக்குகிறதே, ஸ்டார்ட்டரை மாற்றக்கூடாதா என்று யோசித்துக்கொண்டிருந்தவள் நான். நம் ஆபீசில் என்னைக் கல்லுளிமங்கி என்று சொல்வார்கள். நீ மட்டும் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு எங்கே போனாலும் என்னைக் கூட இழுத்துக்கொண்டு போவாய்.

தி.நகர் ஆபீசில் ஒரே கூடத்தில் இருபத்தாறு வருஷம். நீ தபால் பிரிவு, நான் ரெக்கார்டு ரூம். குடியிருந்ததும் மேற்கு மாம்பலத்தில் ஒரே தெரு. தேர்தல் வந்தால் இரண்டு பேருக்கும் டூட்டி ஆர்டர் வரும். பாதித் தடவையாவது ஒரே வாக்குச்சாவடியில் போட்டுவிடுவார்கள். நீ தலைமை அலுவலர். நான் பட்டியலைப் பார்த்துப் பெயர் கூப்பிடுகிற முதல் அலுவலர். "உனக்குத்தான் தொண்டை இருக்கே, கத்து" என்பாய்.

அப்படித்தான் ஒரு மாநகராட்சித் தேர்தலுக்குப் பட்டினப்பாக்கம் பள்ளிக்கூடத்துக்குப் போனோம். முந்தின நாளே பெட்டி படுக்கையோடு போய் வகுப்பறைத் தரையில் படுக்க வேண்டும். இந்த நீலப் போர்வை அன்று நீ போர்த்திக்கொள்ளக் கொண்டுவந்தது. கடல் காற்றில் அதைத் தலைவரைக்கும் இழுத்துப் போர்த்திக்கொண்டு, "மீன் வாசனைடி, தூக்கமே வரலை" என்று முனகியவள் விடிவதற்குள் குறட்டையும் விட்டாய்.

காலை ஏழு மணிக்கு ஆரம்பித்து எட்டு மணிவரை எல்லாம் ஒழுங்காக நடந்தது. பிறகு ஒரு மீன்காரம்மா வந்தாள். நாற்பது வயதிருக்கும். கூடையை வாசலில் வைத்துவிட்டு வரிசையில் நின்றவள். பெயர் கூப்பிட்டேன், விரலில் மை வைத்தார்கள், கையெழுத்துப் போட்டாள். மெஷினுக்கு முன்னால் வைத்திருந்த அட்டை மறைப்புவரை போனவள் அப்படியே திரும்பி உன் மேஜைக்கு வந்துவிட்டாள்.

"யம்மா, நா போடல. நா போய்க்கிறேன்."

"ஏம்மா, என்ன ஆச்சு?" என்று கேட்டாய்.

அவள் குரலைத் தாழ்த்தினாள். "அதோ மூலைல குந்திக்கினு கீறானே, அவன் எங்க குப்பத்து ஆளு. முன்னாடி போனவங்க தோளைப் பாத்துப் பாத்து எழுதிக்கினு கீறான். நா எங்க அமுக்குறேன்னு அவனுக்குத் தெரிஞ்சிபோச்சின்னா நாளையிலேந்து எனக்குக் கடை போட எடம் கெடையாது. இந்த வோட்டே வோணாம்."

மூலையில் இருந்தவன் ஒரு வேட்பாளரின் ஏஜெண்ட். நீ எழுந்துபோய் அவன் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்தாய். "என்ன எழுதிண்டிருக்கேள்?" என்றாய். "சொம்மா மேடம். எத்தினி பேரு வந்தாங்கன்னு கணக்கு" என்று சீட்டை மடித்து பாக்கெட்டில் போட்டுக்கொண்டான். நீ எழுந்திருக்கவில்லை. அடுத்து வந்த பெரியவர் ஒருவர் மறைப்புக்குப் பின்னால் போய்ப் போட்டுவிட்டு வரும்வரை அங்கேயே உட்கார்ந்து பார்த்தாய். பிறகு நேராக என் மேஜைக்கு வந்தாய்.

"தெரியறதுடி" என்று என் காதில் சொன்னாய். "மேல இருக்கற பட்டன்னா கையை நீட்டணும், தோள் முன்னாடி போறது. கீழ இருக்கறதுன்னா முழங்கை பின்னாடி வரது. அந்த மனுஷர் கீழதான் போட்டார். நானே பாத்துட்டேன்."

மெஷின் மேஜையில் படுக்கையாக இருக்கிறது. பெயர்கள் மேலிருந்து கீழே வரிசையாக இருக்கின்றன. அட்டை மறைப்பு கையை மறைக்கிறதே தவிர, நின்றுகொண்டு போடுகிறவர்களின் தோளை மறைக்கவில்லை. எத்தனையோ தேர்தல் பார்த்தவர்கள் நாம். அதுவரை இது நமக்குத் தோன்றவே இல்லை. மீன்காரம்மா சொல்லித்தான் தெரிந்தது.

நீ ஐந்து நிமிஷம் வாக்குப்பதிவை நிறுத்தினாய். ஓடிப்போய் உன் படுக்கையிலிருந்து போர்வையை உருவிக்கொண்டு வந்தாய். கயிற்றின் ஒரு முனையை ஜன்னல் கம்பியில் கட்டினாய், இன்னொன்றைக் கரும்பலகை ஸ்டாண்டில். உன் புடவையிலிருந்தும் என் புடவையிலிருந்தும் ஊக்குகளைக் கழற்றிப் போர்வையை மடித்து மாட்டினோம். "தலை தெரியணும், கால் தெரியணும். உள்ளே யாராவது மெஷினை நோண்டினா நமக்குத் தெரியணுமே. ஆனா தோள் தெரியக் கூடாது" என்று மேலே ஏற்றினாய், கீழே இறக்கினாய். அன்று முழுக்க என் முந்தானை நிற்காமல் சரிந்துகொண்டே இருந்தது.

"இன்னா மேடம், சினிமாக் கொட்டாய் மாதிரி படுதா கட்டிக்கினு" என்று அந்த ஏஜெண்ட் குதித்தான். பத்து மணிக்கு ஜீப்பில் வந்த மண்டல அலுவலரும் போர்வையைப் பார்த்துவிட்டு, "இது எந்த ரூல்லம்மா இருக்கு?" என்று கேட்டார். "மறைவாப் போடணும்னு ரூல் இருக்கு சார். எவ்வளவு மறைவுன்னு எங்கேயும் போடலையே" என்றாய். அவருக்கு இன்னும் இருபது சாவடி பார்க்க வேண்டியிருந்தது. போய்விட்டார்.

மீன்காரம்மா உள்ளே போனாள். பீப் சத்தம் வந்தது. வெளியே வரும்போது மூலைக்காரனைப் பார்த்து, "இன்னா நைனா, எழுதிக்கினியா?" என்றாள். மற்ற ஏஜெண்டுகளெல்லாம் சிரித்துவிட்டார்கள். நானும்தான்.

நீ சிரிக்கவில்லை. சாயங்காலம் மெஷினுக்கு சீல் வைக்கும்போது, "அந்தப் பெரியவர் கீழ போட்டார்னு உன்கிட்ட சொன்னேனே, சொல்லியிருக்கப்படாது" என்றாய். "நான்தானே, விடு" என்றேன். "நீயா இருந்தா என்ன? அது அவருது." அதைக் கேட்டுத்தான் நான் அரக்கைப் போர்வையில் சொட்டவிட்டேன்.

இரண்டு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, முட்டை வாசனைக்கே மூக்கைப் பொத்துகிறவள், என்னைப் பட்டினப்பாக்கத்துக்கு இழுத்துக்கொண்டு போனாய். அவள் கடை இருக்கிறதா என்று பார்க்க வேண்டுமாம். இருந்தது. நம்மை அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. "சங்கரா கீது, வவ்வால் கீது, இன்னா வோணும் சொல்லு" என்றாள். நான் அரைக் கிலோ சங்கரா வாங்கினேன். நீ பஸ் ஸ்டாப்வரை என்னைவிட்டுப் பத்தடி தள்ளி நடந்தாய். ஆனால் சந்தோஷமாக நடந்தாய். அது பின்னாலிருந்து பார்த்தாலே தெரிந்தது.

அதற்கப்புறம் எந்தத் தேர்தலானாலும் உன்னிடம் இரண்டு போர்வை இருக்கும். ஒன்று படுக்க, இன்னொன்று மாட்ட. முந்தின நாள் சாயங்காலம் எல்லோரும் டீ குடிக்கப் போனதும் நம் பயிற்சி ஆரம்பிக்கும். மெஷின் பெட்டிக்குள்ளேயே இருக்கும். அதற்குப் பதிலாக ஒரு நோட்டுப் புத்தகத்தை வைத்து, ஓரத்தில் மேலிருந்து கீழாக ஒன்றிலிருந்து பத்துவரை எழுதிக்கொள்வாய். நான் ஏஜெண்டுகள் உட்காரும் பெஞ்சில் உட்கார வேண்டும். நீ ஒரு எண்ணைத் தொடுவாய். நான் சொல்ல வேண்டும்.

"மூணு."

"சனியனே, சரியாச் சொல்றியே" என்று போர்வையை நாலு விரல் ஏற்றுவாய். பிறகு நான் போய்த் தொடுவேன், நீ பெஞ்சில் உட்கார்ந்து சொல்வாய். இரண்டு பேரும் தோற்கும்வரை மேஜையை நகர்த்திக்கொண்டே இருப்போம். உனக்கு என் தோள் மனப்பாடம். "நீ ஏழைத் தொடும்போது மட்டும் தோளை ஒரு தூக்குத் தூக்கறே, ஏண்டி?" என்பாய். இன்றுவரை எனக்குக் காரணம் தெரியாது.

பிறகு இரண்டு பேரும் ஓய்வு பெற்றோம். சர்க்கரை உன் கண்ணைத் தின்றது. முதலில் பேப்பர் படிக்க முடியாமல் போயிற்று, பிறகு மாடிப்படி தெரியவில்லை, பிறகு நானே தெரியவில்லை. நீ அதைப் பற்றிப் புலம்பியதில்லை. "ஒரு லாபம் இருக்கு, உன் மூஞ்சியைப் பாக்க வேண்டாம்" என்பாய்.

போன மாநகராட்சித் தேர்தல் வந்தபோது என் தம்பி சுயேச்சையாக நின்றான். உனக்குத் தெரியாததில்லை, அவனுக்கு எதிலும் பாதி நிதானம்தான். மழைக்கு நம் தெருவில் முழங்கால் தண்ணீர் நின்றதும் ஒரே ராத்திரியில் முடிவு பண்ணிவிட்டான். தண்ணீர்க் குழாய் சின்னம் கொடுத்தார்கள். தண்ணீரை வெளியேற்ற நிற்கிறவனுக்குத் தண்ணீர்க் குழாய்! நல்லவன்தான். அந்த வெள்ளத்தில் உன்னை இரண்டு மாடி தூக்கிக்கொண்டு இறங்கியவன் அவன். தெருமுனையில் வண்டி வைத்திருக்கும் இஸ்திரிக்காரரைப் போலீஸ் விரட்டியபோது போய்ப் பேசி அந்த இடத்தை வாங்கிக் கொடுத்ததும் அவன்தான். இந்த இரண்டு வோட்டும் தனக்கு உறுதி என்று அவன் நினைத்ததில் ஆச்சரியமில்லை.

தேர்தலுக்கு முந்தின நாள் நீ என்னைக் கூப்பிட்டனுப்பினாய்.

"நாளைக்கு என்னோட நீ வா. கண்ணு தெரியாதவாளுக்குத் துணையா ஒருத்தர் உள்ளே வரலாமே. நான் சொல்ற பட்டனை நீ அமுக்கு."

"என் தம்பி நிக்கறான்டி. என்னைக் கூட்டிட்டுப் போறியே, பயமா இல்லையா?"

"யாருக்குப் பயம், உனக்கா எனக்கா?"

"உன் பையன் இருக்கானே."

"என் பிள்ளை தங்கம். ஆனா பொண்டாட்டி ரெண்டு தரம் கேட்டா சொல்லிடுவான். நீ யார் கேட்டாலும் சொல்ல மாட்டே. அடுத்தவா கேட்டதைக் குடுக்கறதுன்னாலே உனக்கு ஆகாது."

மறுநாள் போனோம். முதலில் நான் என் வோட்டைப் போட்டேன். பிறகு உன் கையைப் பிடித்து அழைத்துவந்தேன். ஓர் ஏஜெண்ட் உடனே எழுந்தான். "சார், இவங்க கேண்டிடேட்டோட அக்கா சார். இவங்க எப்படித் துணைக்குப் போகலாம்?" தலைமை அலுவலராக இருந்த இளைஞர் புத்தகத்தைப் புரட்ட ஆரம்பித்தார். நீ கறுப்புக் கண்ணாடியைக்கூடக் கழற்றாமல், அவர் குரல் வந்த பக்கம் திரும்பி, "அதுல தேடாதீங்கோ சார். அக்கா வரப்படாதுன்னு எங்கேயும் இல்லை. அந்த உறுதிமொழிப் படிவத்தை எடுங்கோ. எல்லார் காதுலயும் விழறாப்பல உரக்கப் படிங்கோ" என்றாய். அவர் படித்தார். இவருக்காக நான் போடும் வாக்கின் இரகசியத்தைக் காப்பேன், இன்று வேறு எவருக்கும் துணையாகச் செல்லவில்லை. கையெழுத்துப் போட்டேன். என் வலது ஆள்காட்டி விரலிலும் மை வைத்தார்கள். இடது விரல் மை என் வோட்டுக்கு, வலது விரல் மை உன்னுடையதற்கு.

அந்தச் சாவடியில் போர்வை இல்லை. அட்டை மறைப்பு மட்டும்தான். ஏஜெண்டுகள் ஐந்து பேரும் என் தோளையே பார்த்துக்கொண்டிருந்த மாதிரி எனக்குத் தோன்றியது. நான் குனிந்து, பெயர்களையும் சின்னங்களையும் மேலிருந்து கீழ்வரை உன் காதில் படித்தேன். தம்பியின் பெயரையும் மற்றப் பெயர்களைப் போலவே படித்தேன் என்றுதான் நினைக்கிறேன். நீ என் வலது தோளில் கையை வைத்துக்கொண்டு ஓர் எண்ணைச் சொன்னாய்.

எந்த எண் என்று இந்த மடலிலும் எழுதப்போவதில்லை. மடல் என்றால் நாளைக்கு யாராவது எடுத்துப் படிப்பார்கள். என் விரல் உடனே போயிற்றா, சற்று நின்றுவிட்டுப் போயிற்றா என்பதையும் எழுதமாட்டேன். அதை எழுதினால் எண்ணை எழுதின மாதிரிதான். அந்த மறைப்புக்குள் நீயும் நானும் மட்டும்தான் இருந்தோம், உனக்குக் கண் தெரியாது, எந்தப் பட்டனை அமுக்கினாலும் பீப் ஒரே மாதிரிதான் வரும். இது எனக்கு அப்போது தோன்றியது என்பதை மட்டும் ஒத்துக்கொள்கிறேன்.

நீ சொன்னதை அமுக்கினேன்.

வெளியே வந்து கேட்டைத் தாண்டியதும், "சரியாப் போட்டே" என்றாய்.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"எத்தனை வருஷமா உன் தோளைப் பாத்திருக்கேன்!"

எனக்குச் சுரீரென்று வந்தது. "அப்போ நம்பாமத்தான் தோள்ல கையை வெச்சியா?"

"பிடிச்சுக்காம எப்படிடி நிப்பேன்? விழுந்துட மாட்டேனா?" என்று சிரித்தாய். நம்பாமல் வைத்தாயா, பிடித்துக்கொள்ள வைத்தாயா என்று அதற்கப்புறம் எத்தனையோ தடவை கேட்டுவிட்டேன். ஒவ்வொரு தடவையும் அதே பதில்தான் வந்தது. இனிமேல் கேட்கவும் முடியாது.

தம்பி தோற்றான். பெரிய வித்தியாசத்தில்தான் தோற்றான், அதில் யாருக்கும் அதிர்ச்சி இல்லை, அவனைத் தவிர. எண்ணிக்கை அன்று ஒவ்வொரு சாவடியாகச் சொல்வதைக் குறித்துக்கொண்டு வந்தான். நம் சாவடியில் அவனுக்குப் பதினொரு வோட்டு. மிச்சமிருந்த நோட்டீஸ் ஒன்றின் பின்பக்கம் தனக்குப் போட்டிருக்க வேண்டியவர்கள் என்று பெயர் எழுதினான். பதினான்கு பெயர் வந்தது. முதலில் அவன், பிறகு அவன் மனைவி, மூன்றாவது நான். நீயும் இருந்தாய், இஸ்திரிக்காரரும் இருந்தார். பதினான்கு பேர், பதினொரு வோட்டு. அந்த மூன்று பேர் யார் என்பது அவனுக்குப் பல்லில் சிக்கின நார் மாதிரி ஆகிவிட்டது. உன்னிடம் அவன் ஜாடையாகக் கேட்டதும் நீ, "யாருக்குப் போட்டா என்னடா, இட்லி சாப்பிடு" என்றதும் எனக்குத் தெரியும். என்னிடம் அப்போது கேட்கவில்லை. நீ இருந்தவரைக்கும் கேட்கத் துணிச்சல் வரவில்லை என்று நினைக்கிறேன்.

உன் பையன் பையைக் கொடுத்துவிட்டுப் போன இரண்டாம் நாள், ஞாயிற்றுக்கிழமை, தம்பி வந்தான். பால்கனியில் நீலப் போர்வை காய்ந்துகொண்டிருந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அந்த நோட்டீஸை எடுத்தான். மடிப்பெல்லாம் கிழிந்து செலோடேப் ஒட்டியிருந்தது.

"அக்கா, அந்த மாடி வீட்டுப் புருஷன் பெண்டாட்டி ரெண்டு பேரும் அன்னைக்கு ஊர்லயே இல்லியாம். திருப்பதி போயிருந்தாங்களாம். இப்பதான் தெரிஞ்சுது. அவங்க பேரை அடிச்சுட்டேன்."

"சரி."

"அப்போ பன்னெண்டு பேர். வோட்டு பதினொண்ணு. ஒரே ஒரு ஆள்தான். ஒண்ணு உன் சிநேகிதி, இல்லே இஸ்திரிக்காரன்."

"மத்தவங்க எல்லாம் உனக்குத்தான் போட்டாங்கன்னு எப்படிடா தெரியும்?"

"சத்தியம் பண்ணியிருக்காங்கக்கா."

பட்டியலில் இல்லாத எவராவது குழாய் நன்றாக இருக்கிறதே என்று அமுக்கியிருக்கலாம், சத்தியம் பண்ணினவர்களில் நாலு பேர் போடாமல் இருந்திருக்கலாம் என்றெல்லாம் எடுத்துச் சொன்னேன். அவன் காதில் ஏறவில்லை.

"இப்ப எதுக்கு இது?" என்றேன்.

தெருமுனையில் புது ஃபிளாட் வந்திருக்கிறது அல்லவா, உனக்கு அதன் சத்தம் மட்டும் தெரியும். அவர்கள் காரை வெளியே எடுக்க இஸ்திரி வண்டி இடைஞ்சலாம். எடுத்துவிட வேண்டும் என்கிறார்கள். இஸ்திரிக்காரர் தம்பியிடம் வந்து பேசச் சொல்லிக் கெஞ்சியிருக்கிறார். "பதினேழு வருஷமா அங்க நிக்கிறான். நான் வாங்கிக் குடுத்த எடம். பேசுறதுல ஒண்ணுமில்ல, நான் சொன்னா கேப்பாங்க. ஆனா எனக்கு வோட்டுப் போடாதவனுக்கு நான் எதுக்குப் போய் நிக்கணும்? நீதானே அவங்ககூட உள்ள போனே. அவங்க எனக்குப் போட்டாங்களா இல்லையா, அதை மட்டும் சொல்லு. அவங்கதான் போய்ட்டாங்களே, இனிமே அவங்களுக்கு என்ன ஆகப்போகுது?"

போட்டாள் என்றால் இஸ்திரிக்காரரின் வண்டி போய்விடும். போடவில்லை என்றால் வண்டி பிழைக்கும். ஆனால் வெள்ளத்தில் உன்னைத் தூக்கிக்கொண்டு இறங்கினதையும் இதையும் சேர்த்துச் சேர்த்துத் தெருவெல்லாம் பேசுவான். சொல்ல முடியாது என்றால், மறைக்கிறாள், அப்படியானால் போடவில்லை என்று அவனே முடிவு பண்ணிக்கொள்வான். அடுப்பில் பால் வைத்திருந்தேன். அது பொங்குவதற்குள் ஒரு முடிவுக்கு வர வேண்டியிருந்தது.

போட்டாள், போடவில்லை இரண்டில் எது உண்மை என்று எனக்குத் தெரியும். உண்மையைச் சொல்லி ஒரு காரியம் நடக்குமானால் சொல்லிவிடலாமே என்றும் ஒரு நிமிஷம் தோன்றியது. அப்போதுதான் நீ சொன்னது ஞாபகம் வந்தது. நீயா இருந்தா என்ன, அது அவருது. முகம் தெரியாத ஒரு பெரியவருக்காக நீ வருத்தப்பட்டாய். நான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவள்.

அவன் நோட்டீஸை நானும் பார்த்தேன். பன்னிரண்டு பெயரில் மூன்றாவது என்னுடையது. பக்கத்தில் பெரிதாக ஒரு டிக். அதை இத்தனை வருஷத்தில் அவன் ஒரு தடவைகூடச் சந்தேகப்படவில்லை.

"அந்த ஒரு ஆள் நான்தான்" என்றேன்.

"என்னது?"

"உனக்குப் போடாத அந்த ஒரு ஆள் நான்தான்டா."

"விளையாடாதேக்கா."

"விளையாடல. அடுத்தவங்க வோட்டைச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. என் வோட்டைச் சொல்லலாம், சொல்லிட்டேன். என் பேர்ல இருக்கிற டிக்கை அழிச்சுட்டு, போய் அந்த ஃபிளாட்காரங்ககிட்ட பேசு."

பால் பொங்கி வழிந்தது. நான் எழுந்துபோய் அடுப்பை அணைக்கவில்லை. எழுந்தால் தன்னைப் பார்க்காமல் தப்பிக்கிறேன் என்று நினைப்பான். அவன் என் முகத்தையே வெகுநேரம் பார்த்தான். சின்ன வயதில் சீட்டு விளையாடும்போதும் இப்படித்தான் முகத்தைப் பார்ப்பான், ஒரு தடவையும் ஜெயித்ததில்லை. "நீயாக்கா?" என்றான். அப்புறம் எழுந்து போய்விட்டான். நோட்டீஸ் மேஜையிலேயே கிடந்தது. கிழித்துப் போட்டுவிட்டேன்.

பத்து நாள் கழித்து இஸ்திரிக்காரர் துணி கொடுக்க வந்தார். "தம்பி வந்து பேசுனாரும்மா. இவன் நம்ம ஆளு, வண்டி இங்கதான் நிக்கும்னுட்டாரு. நல்ல மனுசன்மா" என்றார். ஆமாம் என்றேன். அவர் யாருக்குப் போட்டார் என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் தோன்றவில்லை.

பொங்கலுக்குத் தம்பி வரவில்லை. அப்பா போனதிலிருந்து ஒரு வருஷம்கூடத் தவறாமல் கரும்பும் மஞ்சள் கொத்தும் பச்சரிசியும் வெல்லமும் எடுத்துக்கொண்டு விடிவதற்குள் வாசலில் நிற்பான். இந்த வருஷம் வாசலில் கோலம் மட்டும்தான் இருந்தது. பத்து மணிவரை கதவைத் திறந்தே வைத்திருந்தேன். வருத்தமாகத்தான் இருக்கிறது, அதை உன்னிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது? மெதுவாக வருவான் என்று எல்லோரும் சொல்கிறார்கள். வரலாம்.

அவனிடம் சொன்னது உண்மையா பொய்யா என்று நீ இருந்திருந்தால் கேட்டிருக்க மாட்டாய். நானும் சொல்லியிருக்க மாட்டேன். நம் இருபத்தாறு வருஷமும் அப்படித்தான் போயிற்று.

போர்வையை மடித்துப் பையில் வைத்துவிட்டேன். துருப்பிடித்த ஊக்குகளைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாகப் பத்து வாங்கினேன். அடுத்த தேர்தலுக்கு முந்தின நாள் சாயங்காலம் அந்தச் சாவடிக்குப் போய், அங்கே எந்தப் பிள்ளை தலைமை அலுவலராக இருக்கிறதோ அதனிடம் கேட்டுப் பார்ப்பேன். கிழவிக்கு என்ன வந்தது என்று விரட்டினால் திரும்பி வந்துவிடுகிறேன்.

விரல் மை இரண்டும் எப்போதோ நகத்தோடு வளர்ந்து போய்விட்டன. உன் எண் மட்டும் என்னிடம் இருக்கிறது. அந்த ஞாயிற்றுக்கிழமை தம்பி என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்த அவ்வளவு நேரமும் என் வலது தோளில் உன் கை இருந்தது. தோள் அசையவில்லை. அதை மட்டும் உனக்குச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் இவ்வளவும் எழுதினேன்.